தஞ்சாவூர் – தாராசுரம் – மெலட்டூர்: ஒரு நாள் மிதிவண்டிச் சுற்று, ஆலோசனை தேவை

கேள்வி:
வரும் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தஞ்சாவூரிலிருந்து விடியலில் கிளம்பி மாலைக்குள் திரும்பும்படி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ரோடு பைக்கில் செல்ல விரும்புகிறேன். திருவையாறு, திங்களூர், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகத் தாராசுரம் சென்று, பாபநாசம், திருக்கருகாவூர், மெலட்டூர், திட்டை வழியாகத் திரும்புவதாக எண்ணியிருக்கிறேன். வாகன நெரிசல் இல்லாத கிராமச் சாலைகளே எனக்கு முக்கியம். இந்தச் சுற்றை மறுதிசையில் போவது நல்லதா? 25 மி.மீ. டயர் தாங்குமா?

மறுமொழி 1:
எழுதியுள்ள திசையிலேயே செல்லுங்கள். திருவையாற்றுக் கடைவீதி குறுகலானது. பேருந்துகள் பெருகுவதற்கு முன்பே அதைக் கடந்துவிட்டால், வயலும் வாழைத்தோட்டமும் சூழ்ந்த சாலையில் கபிஸ்தலம் வரை நிதானமாக மிதிக்கலாம். தையில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால், உடலில் தெம்புள்ள காலையில் எதிர்காற்றைச் சமாளித்துவிட்டு, களைத்துத் திரும்பும் பிற்பகலில் அதன் உதவியைப் பெறுவீர்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது இது அப்படியே தலைகீழாகும் என்பதால், அந்த மாதங்களில் நான் யாருக்கும் இந்தச் சுற்றைப் பரிந்துரைப்பதில்லை. தியாகராஜர் ஆராதனை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

மறுமொழி 2:
அமைதிதான் முக்கியம் என்றால், தாராசுரத்திலிருந்து பாபநாசம் வரையிலான பெருஞ்சாலை உங்களுக்கு ஒத்துவராது. கபிஸ்தலத்திலேயே காவிரிப் பாலத்தைக் கடந்தால் பாபநாசம் மிக அருகில்தான் இருக்கிறது. பயணம் 60 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். திருக்கருகாவூருக்கும் திட்டைக்கும் இடையிலுள்ள பகுதியை அவசரமின்றி அனுபவிக்கலாம். இந்தச் சுற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த சாலை அதுதான்.

மறுமொழி 3:
மேலே உள்ள யோசனை நியாயமானதே. ஆனாலும், அவ்வளவு தூரம் வந்தவர் தாராசுரத்தைப் பார்க்காமல் திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் அது. 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. குதிரைகள் இழுக்கும் தேராகவே வடிக்கப்பட்ட முன்மண்டபத்தையும் அதன் கற்சக்கரங்களையும் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். நண்பகலில் சன்னிதி நடை சாத்திவிடுவார்கள் என்பதால் அதற்கு முன்பே சென்று சேர வேண்டும். பெருஞ்சாலையில் ஓரமாக, பின்விளக்கை எரியவிட்டுச் சென்றால் அந்தச் சிறு தொலைவைப் பொறுத்துக்கொள்ளலாம்.

டயரைப் பற்றி: உங்கள் வண்டியில் இடமிருந்தால் 28 மி.மீ. போடுங்கள். தை என்பது சம்பா அறுவடைக் காலம். மெலட்டூர்ப் பக்கம் சாலையிலேயே நெல்லைக் காயவைத்திருப்பார்கள், வைக்கோலும் பரந்து கிடக்கும். நெல்லின் மேல் வண்டியை ஏற்றாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் ஒரு போகச் சாகுபடி உழைப்பு. வைக்கோல் பின்கியரில் சுற்றிக்கொண்டால் உடனே இறங்கி எடுத்துவிடுங்கள். சீமைக்கருவேல முள்ளால் பஞ்சரானால், ஊர்ப் பஞ்சர் கடைகளின் காற்றுக்குழாய், ரோடு பைக் டியூப்களில் உள்ள மெல்லிய பிரெஸ்டா வால்வில் பொருந்தாது. ஆகையால் கைப்பம்பும் இரண்டு டியூப்களும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.