மெயின் பேரிங் கேப் தொலைந்த பழைய பிளாக்: யாருக்கு என்ன நடந்தது?

கறுப்பு அம்பி
அம்பாசடர், 1489 சிசி. வேலைக்குக் கொடுத்த இடத்திலிருந்து எஞ்சின் பிளாக் திரும்பி வந்தபோது, கிராங்க் ஷாஃப்டை அடியிலிருந்து பிளாக்கோடு பிடிக்கும் மூன்று கேப்பில் நடு கேப் இல்லை. கேட்டால் "நீங்க ரெண்டுதான் கொடுத்தீங்க" என்றார்கள். அந்தச் சண்டை தனிக் கதை. புதுப்பேட்டையில் அலைந்து அதே வார்ப்பில் ஒரு நடு கேப் வாங்கினோம். பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

மனதை அரிப்பது அதை மாட்டிய நேரம்தான். முன் கேப்பும் பின் கேப்பும் முழு டார்க்கில் (சொன்ன அளவு இறுக்கத்தில்) இருந்தன. கிராங்கை இரண்டு விரலால் தள்ளினால் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு சுற்றியது. நடு கேப் நட்டை முறுக்க முறுக்கக் கனத்தது. 70 பவுண்டு-அடி வந்ததும் கம்பி கொடுத்து நெம்பியும் அசையவில்லை. கழற்றினால் கீழ் ஷெல்லில் (கேப்புக்குள் உட்காரும் அரைவட்டப் பேரிங் தகட்டில்) ஒரு ஓரம் மட்டும் பளபளவென்று உரசியிருந்தது. எதிர் ஓரத்தில் நான் தடவிய எண்ணெய் அப்படியே இருந்தது. மெக்கானிக் அண்ணன் அரத்தை எடுத்தார்: "ஓரத்துல ரெண்டு இழுப்பு இழுத்தா ஃப்ரீ ஆயிடும் சார்." வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். பிளாக் இப்போது சாக்குக்குள் இருக்கிறது. வேறு யாராவது இன்னொரு பிளாக்கின் கேப்பைப் போட்டு ஓட்டியிருக்கிறீர்களா?

கோவை லேத்
தடுத்தது நல்லது சார். அரம் பட்டிருந்தால் அந்தக் கேப்பும் போயிருக்கும். கம்பெனியில் கேப்பைத் தனியாகத் துளைத்ததில்லை. பிளாக்கில் இறுக்கி, மூன்றையும் ஒரே கோட்டில் போர் பண்ணினார்கள். அதனால் உங்கள் பிளாக்குக்கு அந்தக் கேப்தான். இன்னொரு பிளாக்கின் கேப் பக்கவாட்டில் இரண்டு மூன்று தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ) தள்ளி உட்காரும். உங்கள் ஷெல்லில் ஓரம் உரசியது அதனால்தான்.

நீலகிரியிலிருந்து ஒரு வில்லிஸ் ஜீப் பிளாக் வந்தது, முன் கேப் இல்லாமல். வேறொரு பிளாக்கின் கேப்பை எடுத்து, அது பிளாக்கோடு சேரும் முகத்தை மட்டும் சில தௌ கிரைண்ட் பண்ணி, இடம் காட்டும் டவல் பின்னில் சரியாக உட்கார வைத்து இறுக்கினோம். இப்போது ஓட்டை மேல்கீழாகச் சிறுத்திருக்கும். மூன்று ஓட்டையையும் ஒரே கோட்டில் வெட்டும் லைன் போரிங் பாரை விட்டு முதல் வெட்டு எடுத்தபோது கேப் பக்கம் மட்டும் வெள்ளையாக வெட்டிக்கொண்டு வந்தது, பிளாக் பக்கம் கறுப்பாகவே நின்றது. அடுத்தடுத்த வெட்டில் அந்த வெள்ளை இரண்டு பக்கமும் ஏறி, கடைசி வெட்டில் மேலேயும் லேசாகத் தொட்டு ஒரு முழு வளையமாகச் சேர்ந்தது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் அந்த வளையம் சேர்வதைப் பார்க்க இன்னும் ஆசைதான்.

பிளாக் பக்கம் அதிகம் வெட்டவே கூடாது. வெட்டினால் கிராங்க் மேலே ஏறிக் கேம் ஷாஃப்டை நெருங்கும். செயின் உள்ள எஞ்சினில் செயின் தொங்கும், கியர் உள்ளதில் பல் இறுகும். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நேர்க்கோடும் மாறும்.

பழைய ஃபோர்டு
எங்கள் தாத்தா வாங்கிய ஃபோர்டு மாடல் ஏ, காரைக்குடிப் பக்கம். அதிலும் ஒரு கேப் வெளியிலிருந்து வாங்கிப் போட்டதுதான். அடியில் பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, தேவைக்கு ஏற்ப ஒன்றை உருவியோ சேர்த்தோ அப்பா ஓட்டினார். லேத், லைன் போரிங் என்று எதுவும் கிடையாது. நடு கேப்பை இறுக்கிவிட்டு, கிராங்க் ஹேண்டிலை ஒரு கையால் சுற்றிப் பார்த்து "இப்ப சரி" என்று அப்பா சொன்ன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அம்பிக்காரர் ஷிம் வைத்து முயற்சி பண்ணலாமே?

யாழ்ப்பாணம் ஏ40
எங்களிடம் இருந்தது ஒஸ்ரின் ஏ40. பொருளாதாரத் தடைக் காலம், எல்லாக் காரும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எரியாத மண்ணெண்ணெய் அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், பேரிங் போய்விடும். 1995இல் அதற்காகத்தான் அப்பா எஞ்சினைக் கழற்றிக் கராஜில் விட்டிருந்தார். ஒக்ரோபர் கடைசியில் இடப்பெயர்வு. அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது பிளாக்கும் கிராங்கும் கிடந்தன. சம்பும் இரண்டு கேப்பும் இல்லை.

கராஜ்கார ஐயா வேறு ஏ40 ஒன்றிலிருந்து கேப் எடுத்தார். ஜேர்னலில் (கிராங்க் பேரிங்கில் சுற்றும் பகுதியில்) புளூ என்ற நீல மை தடவி, கேப்பைப் பூட்டிச் சுற்றி, கழற்றி, புளூ எங்கே ஒட்டியிருக்கிறது என்று விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். ஒரு பக்கச் சுவரைச் சுரண்டி, மறுபக்கம் மெல்லிய பித்தளைத் தகடு வைத்து, மறுபடி பூட்டுவார். விளக்குப் பிடித்தது நான். அந்த நீலத் திட்டு ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நடுவுக்கு வந்ததை இப்பவும் கண்ணை மூடினால் காணலாம். அந்தக் கார் பிறகு கன காலம் ஓடியது.

ஸ்பானர் செட்
ஃபோர்டு நண்பரே, கோபிக்காதீர்கள், அந்த யோசனை அம்பாசடருக்கு ஆபத்து. மாடல் ஏயில் பாபிட் என்ற மெதுவான பேரிங் உலோகத்தை உருக்கிப் பிளாக்கிலும் கேப்பிலும் நேரடியாக ஊற்றியிருப்பார்கள். தேய்ந்தால் ஷிம் உருவி இடைவெளியைக் குறைப்பதற்காகவே செய்த அமைப்பு அது. அம்பியில் இருப்பது மெல்லிய ஷெல். சுற்றிலும் முழு வட்டமாக அழுத்திப் பிடித்தால்தான் ஷெல் நகராமல் நிற்கும், சூடும் பிளாக்குக்குப் போகும். அடியில் ஷிம் வைத்தால் ஓட்டை நீள்வட்டமாகும், பிடி தளரும், ஒருநாள் ஷெல் சுற்றிக்கொள்ளும்.

என் அனுபவம் சின்னது. ஒரு ஹெரால்டு கார் எஞ்சினில் முன் கேப்பும் நடு கேப்பும் இடம் மாறியிருந்தன, கிராங்க் சுற்றவில்லை, மாற்றிப் போட்டதும் சுற்றியது. அதிலிருந்து நான் விடாமல் செய்வதைச் சொல்கிறேன். கழற்றும் முன்பே கேப்பிலும் பக்கத்தில் பிளாக்கிலும் ஒரே பக்கம் பஞ்ச் அடையாளம் போடுங்கள்: முதலாவதுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு. ஃபோனில் படம் எடுங்கள். பிளாக்கை வெளியே அனுப்பும்போது கேப்களைத் தட்டில் போட்டு அனுப்பாதீர்கள், பிளாக்கிலேயே கையிறுக்கத்தில் பூட்டி அனுப்புங்கள். ரசீதில் "கேப் 3" என்று எழுதி வாங்குங்கள். சிலிண்டர் போரிங் போடும்போதும் கேப் இறுக்கியிருந்தால் நல்லது. திரும்பி வந்ததும் ஆயில் வழிகளில் பிரஷ் விட்டுக் கழுவுங்கள், லேத் தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும். பின் கேப்பில் சம்ப் கார்க் உட்காரும் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் பண்ணுங்கள், இல்லையென்றால் கிளட்ச் நனையும்.

கோவை லேத்
ஏ40 நண்பருக்கு: அந்த ஐயாவின் கைக்குக் கும்பிடு. இன்றைக்கு அந்தப் பொறுமை யாரிடமும் இல்லை. ஆனால் பக்கவாட்டில் தகடு வைத்ததை வழியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேப் பிளாக்கின் பள்ளத்தில் தட்டித்தான் இறங்க வேண்டும். பள்ளம் லூஸாக இருந்தால் அகலமான புது கேப் செய்து இழைத்து உட்கார வைப்பதே வழி.

அம்பி சார், உங்களுடையது நடு கேப் என்பதால் இன்னொன்று. இந்த எஞ்சினில் கிராங்க் முன்பின் ஆடாமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷர்கள் அங்கேதான். கீழ்ப் பாதியின் காது கேப்பில்தான் மாட்டும். கேப்பின் பக்க முகம் பிளாக்கின் முகத்தோடு ஒரே மட்டத்தில் இல்லையென்றால் வாஷரின் பாதி மட்டும் பாரம் தாங்கும். போரிங் முடிந்து டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் கிராங்கின் முன்பின் ஆட்டம் 2 முதல் 3 தௌக்குள் இருக்க வேண்டும்.

கறுப்பு அம்பி
எல்லோருக்கும் நன்றி. பிளாக்கை லாரி பார்சலில் கோவைக்கு அனுப்புகிறேன், கேப் மூன்றையும் பூட்டியபடியே. ஒரே சந்தேகம்: கேப்பைப் பிடிக்கும் ஸ்டட் (பிளாக்கில் பதித்த திருகு கம்பி) எல்லாம் பழசு. போரிங் முடிந்து வந்ததும் புதுசு போட்டுக்கொள்ளலாமா?

கோவை லேத்
புதுசு போடுவதென்றால் போரிங்குக்கு முன்பே போட்டு அனுப்புங்கள். எந்த ஸ்டட்டை எந்த டார்க்கில் இறுக்கி வெட்டினோமோ, அதே ஸ்டட், அதே டார்க்கில்தான் ஓட்டை வட்டமாக நிற்கும். கிராங்கையும் சேர்த்து அனுப்புங்கள். ஜர்னல் அளவு பார்க்காமல் நான் பாரை விடமாட்டேன்.