ஐப்பசி வந்தால் ஆந்தை பொந்தில் நுழைய மறுக்கிறது: மர ஜிக்சா புதிர் வைத்திருப்பவர்கள் உதவவும்

தங்கச்சிமடம் வாத்தியார்:

பணி ஓய்வுக்குப் பிறகு நான் மல்லிகை நாற்றுப் போடுவேன் என்று ஊர் எதிர்பார்த்தது. நானோ, அறுத்த துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் மர ஜிக்சா புதிர்களில் விழுந்துவிட்டேன். ஆறு வருடத்தில் பதினோரு பெட்டிகள் சேர்ந்திருக்கின்றன. என் மனைவி அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் ‘விறகு’. இது வாத்தியார் வேலையில் பிறந்த பொழுதுபோக்கு என்று எடுத்துச் சொன்னேன். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் நிலப்படத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து, பிள்ளைகள் புவியியல் படிக்க விற்றார். நானும் ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அட்டையில் வெட்டி வகுப்புக்குக் கொண்டுபோனவன்தான். மாதம் ஒரு தீவு காணாமல் போகும்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். மருமகன் லண்டனிலிருந்து கொண்டுவந்த 250 துண்டுப் புதிர் ஒன்று இருக்கிறது. லேசரால் அறுத்தது. பெட்டியைத் திறந்தால் இஸ்திரியில் துணி கருகிய வாசம் வரும். துண்டுகளின் ஓரமெல்லாம் கருப்பட்டி நிறம். ஆந்தை, குடை, சைக்கிள் என்று உருவமாகவே அறுத்த துண்டுகளும் நடுநடுவே உண்டு. பங்குனியில் எல்லாம் சொன்னபடி கேட்கின்றன. ஐப்பசியில் மழை பிடித்து வாடைக்காற்று தொடங்கியதும், அதே ஆந்தை அதே பொந்தில் நுழைய மாட்டேன் என்கிறது. போன வருடம் மொட்டைமாடியில் பாய் விரித்துக் காயவைத்தேன். ஒரு மணி நேரத்தில் நான்கு துண்டுகளில் படத்தாள் ஓரம் எழும்பிவிட்டது. காகம் ஒன்று வந்து ஆந்தையை மட்டும் கொத்தியது. அந்தப் பழைய பகை பிளைவுட் வரைக்கும் வரும் என்று நான் நினைக்கவில்லை. உப்புத்தாள் போட்டு ஓரங்களைத் தேய்த்துவிடலாமா?

இன்னொன்று, மதுரையில் பழைய சாமான் கடையில் பிஸ்கட் டின்னோடு 400 ரூபாய்க்கு வாங்கியது. கையால் அறுத்தது. மூடியில் படம் கிடையாது. அந்தக் காலத்து மரப் புதிர்கள் பலவும் அப்படித்தான், என்ன படம் என்று சேர்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். துண்டுகளில் கொக்கியும் இல்லை. ஒன்றின் பக்கத்தில் ஒன்று சும்மா நிற்கும், பேரன் மேசையில் கையை ஊன்றினால் எல்லாம் கலையும். மூன்று வாரம் போராடியதில் துறைமுகத்தில் நிற்கும் பாய்மரக் கப்பல் வெளிப்பட்டது. 163 துண்டுகள் இருக்கின்றன. ஒன்று இல்லை. சரியாகப் பாயின் நடுவே ஓட்டை. யாராவது அறுத்துத் தருவார்களா?

சென்னைவாசி:

சேர்த்து முடித்ததும் பசை தடவி ஒட்டிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுங்கள். இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது.

தங்கச்சிமடம் வாத்தியார்:

தம்பி, பிடித்த மீனைப் பாடம் பண்ணிச் சுவரில் மாட்டுகிறவன் மறுநாள் எதற்குக் கடலுக்குப் போவான்?

கீழக்கரைக்காரி:

ஐயா, உப்புத்தாளைத் தொடாதீர்கள். இப்போது தேய்த்தால் பங்குனியில் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிடும். என்னிடம் இருபது புதிர்கள் இருக்கின்றன, என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல். இந்தத் தவறுகளையெல்லாம் நான் செய்து முடித்துவிட்டேன்.

பிளைவுட்டில் ஒரு அடுக்கை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் வைத்து ஒட்டுகிறார்கள். அதனால் அகலத்தில் அது அதிகம் வளராது. ஊதுவது தடிமனில்தான். பிறகு ஏன் நுழையவில்லை? முன்பக்கத்தைப் படத்தாள் மூடியிருக்கிறது, பின்பக்கம் வெறும் மரம். ஈரத்தைப் பின்பக்கம் அதிகமாகக் குடித்து, துண்டு லேசாக வளைந்துவிடுகிறது. லேசர் அறுக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான், வளைந்த துண்டுக்கு அங்கே இடமில்லை. ஆந்தையைக் கண்ணாடிமேல் படம் மேலாக வைத்து மூலையில் விரலால் தட்டிப் பாருங்கள். ஆடினால் அதுதான் காரணம்.

வெயில் வேண்டவே வேண்டாம். வளைந்தவற்றை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து, மேலே பாரம் ஏற்றி, இறுக்கமாக மூடும் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம் விட்டுவிடுங்கள். ஆரஞ்சு நிற ஜெல்லாக வாங்குங்கள். நீல நிறத்தில் கோபால்ட் உப்பு இருக்கும், வீட்டில் பேரன் இருக்கிறான் என்கிறீர்கள். துண்டுகளை எடுத்து வைக்கும் முன் உலர்ந்த துணியால் துடைப்பதும் முக்கியம். கடற்காற்றில் வந்து படியும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி என்ன ஆகிறது என்று அக்காவிடம் கேளுங்கள்.

மண்டபம் தச்சன்:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் வள்ளம் கட்டுகிறவன். எங்களுக்குப் பலகை ஊதினால்தான் நல்லது. புது வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கியதும் இணைப்பில் கொஞ்சம் கசியும், பலகை ஊறிப் பெருத்ததும் தானாக அடைபடும். அந்த லண்டன் ஆந்தையை வள்ளத்தில் வைத்திருக்கலாம்.

கப்பல் பாய்க்குத் துண்டு நான் அறுத்துத் தருகிறேன். ஓட்டையைச் சுற்றியுள்ள துண்டுகளை நெருக்கி வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டுப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். சிறு வயதில் காசுமேல் தாள் வைத்துத் தேய்த்திருப்பீர்களே, அதே மாதிரி ஓரம் பதியும். ஆனால் தாளை மட்டும் நம்பி அறுக்க மாட்டேன். கோட்டுக்கு வெளியே அறுத்து, பக்கத்துத் துண்டுகளோடு வைத்துப் பார்த்துப் பார்த்து அரத்தால் உரசி இறக்க வேண்டும். குறைக்கலாம், கூட்ட முடியாது. அதனால் அந்தத் துண்டுகளையும் கொண்டுவாருங்கள். பலகைத் தடிமனையும் அளந்து சொல்லுங்கள்.

நீங்கள் இங்கே போட்ட புகைப்படத்தில் ஒன்று கவனித்தேன். கப்பல் நங்கூரத்தில் நிற்கிறது. பாய் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது, கொடி எதிர்ப்பக்கம் பறக்கிறது. ஒரே கப்பலில் இரண்டு காற்றா?

தங்கச்சிமடம் வாத்தியார்:

250 துண்டுகளையும் கண்ணாடியில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். 31 ஆடின, அதிகம் ஆடியது ஆந்தை. ஒன்பது நாள் டப்பாவில் கிடந்தபின் நேற்று இரவு பொந்துக்குள் போய்விட்டது. கீழக்கரை மகளுக்கு நன்றி. சைக்கிள் இன்னும் முரண்டு பிடிக்கிறது. உப்பு ஜாடியைப் பற்றிக் கேட்டேன். இருபது வருடமாக அதில் அரிசி போட்டு வைக்கிறாளாம், எனக்குத்தான் தெரியாதாம்.

தச்சர் தம்பி, கொடியை இப்போதுதான் பார்த்தேன். மூன்று வாரம் குனிந்து சேர்த்தவனுக்குத் தெரியவில்லை! தடிமன் 6 மில்லிமீட்டர். புதுத் துண்டில் வண்ணம் வேண்டாம், மரமாகவே இருக்கட்டும். பின்னால் நீங்கள் அறுத்த வருடத்தை மட்டும் எழுதிவிடுங்கள்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஓட்டையைச் சுற்றியுள்ள ஆறு துண்டுகளையும் பின்பக்கம் டேப் ஒட்டி டிபன் டப்பாவில் வைத்தாயிற்று. பாம்பன் பாலத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தாலும் டப்பாவைத் திறக்க மாட்டேன்.