புதுப்பிப்பு: 90 நாள்கள் கடந்தும் அழியாத அழைப்புப் பதிவுகள்

90 நாள்களைக் கடந்த அழைப்புப் பதிவுகள் (வாடிக்கையாளர்களுடனான தொலைபேசி உரையாடல்களின் ஒலிப்பதிவுகள்) தானாகவே அழிய வேண்டும் என்று விதி அமைத்தும் சேமிப்பிடம் குறையவே இல்லை என முன்பு எழுதியிருந்தேன்; காரணம் இப்போது பிடிபட்டுவிட்டது. நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் அந்த விதி, அது நடைமுறைக்கு வந்த பிறகு பதிவாகும் அழைப்புகளுக்கு மட்டுமே பொருந்துமாம். பழையவற்றுக்காக அழிப்பைத் தனியே ஒருமுறை இயக்கினோம். அழிக்கப்பட்டவை மேலும் 30 நாள்கள் குப்பைத்தொட்டியில் கிடந்த பிறகே இடம் காலியானது.

அதற்கும் மேல் எஞ்சிய பதிவுகளைத் திறந்து பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் சட்டத் தேவைக்காக அழிக்காமல் நிறுத்திவைக்கும் குறி இருந்தது. எப்போதோ முடிந்துபோன ஒரு புகாருக்காக, அந்த ஒரு வாடிக்கையாளரின் அழைப்புகளுக்குப் பதிலாக ஒரு பிரிவின் அழைப்புகள் அனைத்துக்கும் அக்குறியை இட்டது நான்தான் என்பதைத் தணிக்கைப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. அக்குறி அழிப்பு விதியை மீறி நிற்பது மென்பொருளின் பிழையன்று. அப்படித்தான் நிற்க வேண்டும்.

வங்கி அட்டையின் சிவிவி எனும் பாதுகாப்பு எண் அழைப்பில் பதிவானாலும் 90 நாளில் அழிந்துவிடுமே என்று அப்போது நான் எழுதியதும் தவறு. பணப் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்த பின் அவ்வெண்ணைச் சேமித்துவைக்கவே அட்டைத் தரவுகளின் பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலை இடம் தருவதில்லை என்பதால், வாடிக்கையாளர் அதைச் சொல்லும் நேரத்தில் பதிவு தானாக நின்று தொடரும்படி இப்போது அமைத்திருக்கிறோம்.