புதுப்பிப்பு: மாத்திரை மாறியது, உள்படலம் 8 மி.மீ.

குழந்தைக்கான சிகிச்சையில், முட்டையை வளர வைக்கும் க்ளோமிஃபீன் மாத்திரை எடுத்து முட்டை நன்றாக வளர்ந்தும் கருப்பை உள்படலம் 5.5 மி.மீ.யிலேயே நின்றுவிட்டது என்று முன்பு புலம்பியிருந்தேன். இப்போது காரணம் புரிந்தது. படலத்தைத் தடிக்க வைக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இருக்கிறது, ஆனால் செல்களில் அது போய்ச் சேரும் இடங்களான ஏற்பிகளை அந்த மாத்திரை அடைத்துவிடுகிறதாம், கருப்பையிலும்கூட. உடம்பை விட்டுப் போகவும் பல நாள் பிடிக்கும். சிலருக்குப் படலம் மெலிவது இதனால்தான். எல்லோருக்கும் அப்படி ஆகாது.

இந்தச் சுழற்சியில் டாக்டர் லெட்ரோசோலுக்கு மாற்றினார், 3ஆம் நாளிலிருந்து 5 நாள். இது ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத்தான் கொஞ்ச நாள் குறைக்கும். ஏற்பிகளைத் தொடாது, சீக்கிரம் வெளியேறியும் விடும். 12ஆம் நாள் ஸ்கேனில் படலம் 8 மி.மீ., அதன் மூன்றடுக்கும் தெளிவாக. முட்டை ஒன்றுதான், சரி, ஒன்று போதுமே! நீங்களாக மாத்திரையை மாற்றிவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். எனக்குக் கர்ப்பமா என்ற ரிசல்ட் இன்னும் வரவில்லை.