எழும்பூர் வெண்கலக் கூடம்: ஜோடியாகப் போனால் அரை மணி நேரம் போதுமா?

கல்வெட்டுக்காரன்:
"ஜோடியாகச் சுற்ற நல்ல இடங்கள்" இழையில் நம் ஊர்சுற்றி எழுதியது இது: "எழும்பூர் மியூசியம். வெண்கலக் கூடத்துக்கு அரை மணி போதும், மிச்ச நேரம் வெளியே மரத்தடியில் உட்காரலாம்." அதற்கு நாற்பது பேர் விருப்பக்குறி வேறு போட்டிருக்கிறார்கள். 1851ல் தொடங்கியது, இந்தியாவில் கல்கத்தாவுக்கு அடுத்த பழைய அருங்காட்சியகம், சோழர் செப்புத் திருமேனிகளுக்கு உலகமே தேடி வரும் இடம். அதற்கு அரை மணி! கீழடிக்கு "இருபது நிமிஷம்" என்று எழுதிய அதே கைதான் இது என்பதை இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

ஊர்சுற்றி:
வந்துட்டாரு. சார், நான் எழுதினது ஆராய்ச்சி மாணவர்களுக்கு இல்ல. லீவு நாள்ல எங்கயாவது போலாம்னு கிளம்புற புருஷன் பொண்டாட்டிக்கு. அவங்களுக்கு அரை மணி போதும். தாராளம்.

கல்வெட்டுக்காரன்:
சரி, ஒரே கேள்வி. திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறார். 11ஆம் நூற்றாண்டு. ஜோடியாகப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய முதல் சிலை. அதற்கு எத்தனை கை?

ஊர்சுற்றி:
இது என்ன வினாடி வினாவா? நாலு.

கல்வெட்டுக்காரன்:
மூன்று. சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று. அரை மணியின் லட்சணம் தெரிந்துவிட்டது. எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஊர்சுற்றி:
உடைஞ்சிருக்கும்.

கல்வெட்டுக்காரன்:
உடையவில்லை. வார்க்கும்போதே அப்படித்தான் வார்த்தார்கள். வலப்பக்கம் தோள் அகலம், அதிலிருந்து இரண்டு கை பிரிகிறது. இடப்பக்கம் இடுப்பு வளைந்து ஒதுங்குகிறது, ஒரே கைதான். ஆண் பாதிக்கு இரண்டு, பெண் பாதிக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்தால் கோணலாகத் தெரிய வேண்டும். ஆனால் முன்னால் நிற்கும்போது அந்தக் குறை கண்ணில் படவே படாது, அதுதான் ஸ்தபதியின் சாமர்த்தியம். எண்ணினால்தான் தெரியும். எண்ண நேரம் வேண்டும்.

ஊர்சுற்றி:
நான் சொன்னது பொதுவா அர்த்தநாரி. எலிஃபண்டா குகையில நாலு கைதான். போய் எண்ணிப் பாருங்க.

சைதை ரசிகன்:
எழும்பூர் கேள்விக்கு எலிஃபண்டாவில் பதில். படகு டிக்கெட் அரை மணிக்குள்ளயா, தனியா?

மலர்விழி:
கை எண்ணிக்கையை விட்டுட்டு உருப்படியா ஏதாவது சொல்லலாமா? ரெண்டு பேரா போகும்போது வர்ற பிரச்சினையே வேற. ஒருத்தர் லேபிளை ஒரு எழுத்து விடாம படிப்பார், இன்னொருத்தர் பத்து சிலை தாண்டிப் போய் வாசல்ல நின்னு போனைப் பார்ப்பார். அப்புறம் வீடு வரைக்கும் முகம் தூக்கல். இதுக்கு வழி, ஒட்டிக்கிட்டே நடக்காம இருக்கறது. முதல்ல ஒரு சுற்று தனித்தனியா, பேசாம, நிக்காம. ஆளுக்கு ரெண்டு சிலை தேர்ந்தெடுக்கணும். அப்புறம் சேர்ந்து அந்த நாலுக்கு மட்டும் திரும்பி வந்து, ஏன் பிடிச்சதுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லணும். மொத்தக் கூடத்தையும் முடிக்கணும்னு கிளம்பினா அஞ்சாவது நடராஜர்லயே எல்லாம் ஒண்ணு போலத் தெரிய ஆரம்பிச்சிடும்.

ஊர்சுற்றி:
பாருங்க, மேடமே நாலு சிலைன்னு சொல்லிட்டாங்க. நாலு சிலைக்கு அரை மணி ஏகப்பட்டது.

மலர்விழி:
நான் அப்படிச் சொல்லல. முதல் சுற்றே அரை மணி ஆகும்.

கல்வெட்டுக்காரன்:
மலர்விழி சொன்னது பாதி சரி. எல்லாம் ஒன்று போலத் தெரிவதற்குக் காரணம் களைப்பு அல்ல, எங்கே பார்ப்பது என்று தெரியாததுதான். முகத்தைப் பார்க்காதீர்கள். நூற்றாண்டுக்கணக்கில் அபிஷேகம் நடந்த திருமேனிகளில் மூக்கும் கண்ணும் தேய்ந்திருக்கும், முகம் எதையும் சொல்லாது. முதலில் பின்கைகள். மானும் மழுவும் என்றால் சிவன், சங்கும் சக்கரமும் என்றால் பெருமாள். அடுத்து முன்கை: அபயமா, விரல் மடித்த கடகமா. கடகம் என்றால் பூவோ ஆயுதமோ தனியாகச் செருக விட்ட இடம். வடக்குப்பனையூர் ராமரைப் பாருங்கள், கையில் வில் கிடையாது. ஆனால் விரல் வில்லைப் பிடித்தபடியே நிற்கிறது. பக்கத்தில் சீதை, இலக்குவன், அனுமன். நாலு பேரையும் ஒன்றாகப் பார்த்தால்தான் யார் யார் பக்கம் சாய்கிறார்கள் என்பது பிடிபடும்.

அடுத்தது பீடம். வீதியுலாவுக்குக் கழி கோத்துக் கட்டப் பக்கவாட்டில் வளையங்கள் இருக்கும். சோமாஸ்கந்தர் வந்தால் அம்மைக்கும் அப்பனுக்கும் நடுவே பாருங்கள், பல ஊர்த் திருமேனிகளில் குழந்தை காணாமல் போய் முளைக்குச்சியோ குழியோ மட்டும் மிச்சமிருக்கும். கடைசியில் கண்ணாடிப் பேழையின் ஓரமாகப் போய்ப் பின்பக்கத்தை எட்டிப் பாருங்கள்: தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், முதுகில் விழும் சடை. இத்தனையும் ஒரு சிலைக்கு நாலு நிமிடம். குறைந்தது பன்னிரண்டு சிலை. 48 நிமிடம். இரண்டு பேர் பேசிக்கொண்டே பார்த்தால் ஒன்றரை மணி. மாடி இன்னும் ஏறவில்லை.

சைதை ரசிகன்:
பன்னிரண்டுன்னு எந்த ஆகமத்துல இருக்கு?

ஊர்சுற்றி:
அதானே. எட்டு சிலைன்னு வச்சா 32 நிமிஷம். கிட்டத்தட்ட அரை மணி. அவர் கணக்குப்படியே நான் சொன்னது சரி.

கல்வெட்டுக்காரன்:
எட்டு என்று யார் சொன்னது?

தஞ்சாவூர் மேளம்:
ஜோடியாப் போறவங்களுக்கு எழும்பூரைச் சொல்றதே தப்பு. தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துக்கு வாங்க. திருவெண்காட்டுல கிடைச்ச கல்யாணசுந்தரர் இங்கதான் இருக்கார். சிவன் பார்வதி கையைப் பிடிக்கிறார், பொண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கப் பெருமாள், பின்னால நின்னு பொண்ணை மெல்ல முன்னே தள்ளிவிடுற லட்சுமி. அந்தப் பொண்ணு தலை குனிஞ்சு நிக்கிற நிலையை அரை மணி பார்க்கலாம், அது ஒண்ணை மட்டும். அப்புறம் ரிஷபவாகனர், காளையோட நிக்கிற சிவன், கி.பி. 1011. தலைப்பாகை மாதிரி சுற்றின சடை, காளை மேல சாய்ஞ்ச கை, காளை மட்டும் இல்ல. பக்கத்துல அம்மன். உலகத்துல இதைவிட அழகான தம்பதி கிடையாது.

கல்வெட்டுக்காரன்:
அம்மன் 1012. ஒரு வருடம் கழித்துத்தான் வந்தாள்.

தஞ்சாவூர் மேளம்:
அதனால என்ன? கல்யாணம் ஆகாதவரா ஒரு வருஷம் நின்னாரு, அவ்வளவுதானே. எங்க ஊர்ச் சிலையைப் பத்தி மெட்ராஸ்காரர் எங்களுக்கே பாடம் எடுக்கறார். உங்க கூடத்துல பாதி எங்க ஜில்லாவுலேர்ந்து போனதுதான். லேபிள்ல ஊர்ப்பேரைப் படிச்சாலே தெரியும்.

உற்சவர்:
இதைத்தான் பத்து இழையாகச் சொல்கிறேன். இவை "சிலை" இல்லை, உற்சவ மூர்த்திகள். 1878ஆம் வருடப் புதையல் சட்டம் என்று வெள்ளைக்காரன் போட்டது. மண்ணைத் தோண்டும்போது கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும், அங்கிருந்து மியூசியம். ஊர்க்காரனுக்கு லேபிளில் ஊர்ப்பெயர் மட்டும் மிச்சம். அரை மணியா ஒன்றரை மணியா என்று சண்டை போடுகிறீர்களே, அபிஷேகம் இல்லாமல் எத்தனை காலமாக நிற்கிறார்கள் என்று எண்ணினீர்களா?

சைதை ரசிகன்:
ஊர்க் கோயில்ல வச்சா பூட்டு யார் போடுவா? கோயில்லயே வச்சிக்க முடியாத திருமேனிகளை எல்லாம் திருவாரூர் பாதுகாப்பு மையத்துல கொண்டுபோய் அடுக்கி வச்சிருக்கு. அங்க ஜோடியாப் போய்ப் பார்க்க முடியுமா?

உற்சவர்:
பார்ப்பதற்காக வார்த்ததில்லை என்பதுதான் என் வாதமே. கும்பிட வார்த்தது. கூடத்துக்குள் கை வைத்துக் கும்பிட்டால் அதட்டுகிறார்கள்.

கல்வெட்டுக்காரன்:
அதட்டத்தான் வேண்டும். செம்பில் குளோரைடு உப்பு ஏற்கெனவே ஊறியிருக்கும், பல நூறு வருடம் மண்ணுக்குள் கிடந்தது அல்லவா. அதோடு ஈரம் சேர்ந்தால் வெளிர்பச்சைப் பொடி பூக்கும், மேலே பூத்தாலும் உள்ளே அரித்துக்கொண்டே போகும். வெண்கல நோய் என்று அதற்குப் பெயர். நம் உள்ளங்கை வியர்வையும் உப்புதான். இதற்காகவே 1930களில் அந்த வளாகத்தில் ரசாயனக் கூடம் வைத்து, பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில் திருமேனிகளைச் சுத்தம் செய்தார். பக்தி இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு கும்பிடலாம்.

மலர்விழி:
போட்டோ எடுக்கறதைப் பத்தி யாராவது சொல்வீங்கன்னு பார்த்தேன். கேமராவுக்குத் தனிக் கட்டணம், அதை வாங்கிட்டு உள்ள போனா கண்ணாடியில ட்யூப்லைட்டும் உங்க மூஞ்சியும்தான் விழும். ஃபிளாஷ் கூடாது. லென்ஸைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோய் லேசாச் சாய்ச்சுப் பிடிங்க, கண்ணாடியைத் தொடாம. வெள்ளைச் சட்டை வேண்டாம், அடர்நிறம் போட்டுட்டுப் போங்க. ரெண்டு பேர்னா ஒருத்தர் எடுக்கும்போது இன்னொருத்தர் பின்னால கறுப்புத் துப்பட்டாவை விரிச்சுப் பிடிச்சா பின்பக்க விளக்கு கண்ணாடியில தெரியாது. தனியாப் போனா இது முடியாது. ஜோடியாப் போறதுல நிஜமான ஒரே லாபம் இதுதான்.

ஊர்சுற்றி:
துப்பட்டா வித்தையும் சேர்த்து அரை மணிதான் ஆகும்.

கல்வெட்டுக்காரன்:
இவருக்கு அரை மணி என்பது நேரம் இல்லை, கொள்கை. முன்கட்டடத்தையே இவர் கணக்கில் எடுக்கவில்லை, கவனித்தீர்களா? ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபத்திலிருந்து வந்த சிற்பங்கள் அங்கேதான். எல்லோரும் பளிங்கு என்பார்கள், அது சுண்ணாம்புக்கல். 19ஆம் நூற்றாண்டில் அதைச் சுவரோடு சிமென்ட் வைத்துப் பதித்தார்கள். சிமென்ட்டின் உப்பு கல்லுக்குள் ஏறி மேல்பரப்பு பொரிந்து உதிர ஆரம்பித்தது. ஓரங்களில் உற்றுப் பார்த்தால் கல் செதில் செதிலாக நிற்பது தெரியும். நளகிரி என்ற மதயானையைப் புத்தர் அடக்கும் வட்டச் சிற்பத்தைத் தேடுங்கள். ஒரே வட்டத்துக்குள் ஒரே யானை இரண்டு முறை. ஒரு பக்கம் மதம் பிடித்து ஆளைத் தூக்கிச் சுழற்றுகிறது, மறுபக்கம் புத்தர் முன் மண்டியிட்டிருக்கிறது. மேலே ஜன்னலில் பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இரண்டு யானை என்று நினைத்துக் கடந்து போகிறவர்களே அதிகம்.

சைதை ரசிகன்:
ஊர்சுற்றி அண்ணே, யானைக்கு எத்தனை துதிக்கைன்னு கேட்டா யோசிச்சு சொல்லுங்க.

ஊர்சுற்றி:
நக்கலுக்கு மட்டும் வந்துடுங்க. சரி, ரோடினைத் தெரியுமா, பிரான்ஸ் சிற்பி? இந்தக் கூடத்து நடராஜரைப் பத்தி 1913ல எழுதினாரே, அவர் எழும்பூர் பக்கமே வந்ததில்ல. போட்டோ பார்த்து எழுதினார். அவருக்கு அரை மணி கூட தேவைப்படல.

கல்வெட்டுக்காரன்:
போட்டோவை எத்தனை மணி நேரம் பார்த்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? அவர் எழுதிய திருவாலங்காட்டு நடராஜருக்குத் திருவாசி இல்லை, விரிசடையும் இல்லை. நெருப்பு வட்டமும் பறக்கும் சடையும் இல்லாமலே ஆட்டம் தெரிகிறது என்பதுதான் அதன் பெருமை. மற்ற நடராஜர்கள் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால்தான் இது உறைக்கும். போக, வர, நிற்க. அரை மணி?

தஞ்சாவூர் மேளம்:
எல்லாம் சரி, கல்யாணசுந்தரர் பத்தி யாரும் பதிலே சொல்லல பாருங்க. சென்னைக்காரங்க அப்படித்தான்.

மலர்விழி:
புதுசாப் போறவங்களுக்கு ஒண்ணு: வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். திங்கள்தான் மூடியிருக்கும்னு நினைச்சு வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டுப் போய் கேட்ல நிக்காதீங்க. காலை 9.30க்கே போய் வெண்கலக் கூடத்தை முதல்ல முடிச்சுக்கணும். வெயில் ஏறின பிறகு கற்சிற்பம் பக்கம் வேர்த்துக் கொட்டும், அப்ப பொறுமை போயிடும், சண்டை அங்கதான் ஆரம்பிக்கும். திமிங்கல எலும்புக்கூடு இருக்கற விலங்கியல் பக்கத்தைக் கடைசிக்கு வைங்க. அங்க லேபிள் படிக்க வேண்டாம், அண்ணாந்து பார்த்தாப் போதும்.

உற்சவர்:
மரத்தடி ஜோடிகளைப் பற்றியும் சொல்லுங்கள். டிக்கெட் எடுத்துவிட்டு ஒரு கூடத்துக்குள்ளும் காலடி வைக்காமல் பெஞ்சிலேயே நாள் முழுக்க.

சைதை ரசிகன்:
அவங்க டிக்கெட் காசுலதான் உங்க மூர்த்திக்கு விளக்கு எரியுது. பெஞ்சைத் தொடாதீங்க.

உற்சவர்:
மின்விளக்கு விளக்கா?

ஊர்சுற்றி:
மரத்தடின்னு முதல்ல எழுதினதே நான்தான். அதுக்கு யாரும் ஆட்சேபம் சொல்லல, குறிச்சுக்கங்க. அரை மணி கூடம், மிச்சம் மரத்தடி. என் பதிவுல ஒரு எழுத்துகூட மாத்தப் போறதில்ல.

கல்வெட்டுக்காரன்:
மாற்ற வேண்டாம். அதன் கீழேயே "அர்த்தநாரிக்கு நாலு கை" என்பதையும் சேர்த்துவிடுங்கள். அடுத்து மாடியில் என்னென்ன பார்ப்பது என்று எழுதப்போகிறேன், மூன்று பகுதியாக வரும்.

தஞ்சாவூர் மேளம்:
மூணு பகுதியிலும் தஞ்சாவூர் வருமா வராதா, அதை மட்டும் இப்பவே சொல்லிடுங்க.