மலை ஏரி முகாம்: கூடாரத்தைக் கரையில் அடிக்கலாமா, மேட்டில் அடிக்கலாமா?

கேள்வி:
அடுத்த மாதம் நானும் என் பதினொரு வயது மகளும் ஏறத்தாழ 2400 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு சிறிய ஏரி முகாமில் இரண்டு இரவுகள் தங்கவிருக்கிறோம். ஏழெட்டுக் கூடாரங்களுக்கு மட்டுமே இடமுள்ள அங்கே குழாய் நீரோ மின்சாரமோ கைபேசித் தொடர்போ கிடையாது. ஏரியில் டிரவுட் மீன்கள் உள்ளன. பிடிப்பதற்கு அனுமதிச் சீட்டும் வாங்கிவிட்டேன். முகட்டுக்குப் போய்த் திரும்பும் பாதை 12 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர். விடிந்ததும் தூண்டில் போட வசதியாகக் கரையோரப் புல்வெளியிலேயே கூடாரம் அடிக்க எண்ணுகிறேன். அது சரியாக இருக்குமா? நடை, மீன்பிடிப்பு இரண்டும் ஒரே நாளில் முடியுமா?

மறுமொழி 1:
தயவுசெய்து கரையில் அடிக்காதீர்கள். ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைவதால், உங்கள் முகாம் சமவெளியைவிட 15 பாகை அளவுக்குக் குளிர்ந்திருக்கும். போதாததற்கு, இரவில் சரிவுகளில் குளிரும் காற்று கனத்துக் கீழிறங்கி, ஏரி கிடக்கும் பள்ளத்தில்தான் வந்து தேங்கும். நான் அப்படியொரு புல்வெளியில் படுத்திருந்தபோது, எங்கள் மூச்சின் ஈரம் கூடாரத்தின் உட்புறத்தில் படிந்து உறைந்து, விடியற்காலையில் துணியைத் தொட்டதும் பொடிப்பொடியாக முகத்தில் உதிர்ந்தது. முப்பது மீட்டர் மேலே, மரங்களுக்கிடையே தங்கியிருந்தவர்களின் கூடாரமோ உலர்ந்தே இருந்தது. நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளித் தங்குவது ஏரியின் தூய்மைக்கும் நல்லது. மகளுக்குப் போர்வையைக் கூட்டுவதைவிட அடியில் விரிக்கும் பாயைத் தடிமனாக எடுத்துச் செல்லுங்கள். உடற்சூட்டைத் தரைதான் அதிகம் உறிஞ்சும். அடுப்புக்கு வெறும் பியூட்டேன் குடுவை வேண்டாம், உறைநிலையை நெருங்கும்போது அது ஆவியாகாது. புரொப்பேன் கலந்ததை வாங்குங்கள். ஏரி நீரை மூன்று நிமிடம் கொதிக்க வைத்த பிறகே குடியுங்கள்.

மறுமொழி 2:
நடையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892ஆம் ஆண்டில் வகுத்த கணக்குப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம் ஆகும்; அதாவது உங்களுக்கு மூன்றரை மணி நேரம். ஓய்வையும் சிறுமியின் நடையையும் சேர்த்தால் நான் ஆறு மணி நேரம் ஒதுக்குவேன். கோடையில் மலைமேல் இடிமேகம் பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும் என்பதால், ஆறு மணிக்குக் கிளம்பி நண்பகலுக்குள் முகட்டைவிட்டு இறங்கிவிடுங்கள். திரும்பும் நேரத்தை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

மறுமொழி 3:
அப்படியானால் மீன்பிடிப்பை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம், இழப்பொன்றுமில்லை. டிரவுட் குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த நீரை நாடுவது. வெயில் தாழ்ந்து பூச்சிகள் நீர்ப்பரப்பில் இறங்கும் வேளையில் அதுவும் மேலே வரும். ஓடை ஏரியில் கலக்கும் இடத்தில் தூண்டிலை வீசிப் பாருங்கள். திருப்பி விடப்போகும் மீனை உலர்ந்த கையால் தொட்டால் அதன் மேலுள்ள வழவழப்பான காப்புப் படலம் உரிந்துவிடும். மகளிடம் முதலில் கையை நனைக்கச் சொல்லுங்கள். தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கிவிட்டால், மீனின் வாயிலிருந்து முள் எளிதில் கழன்றுவிடும்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மேட்டிலேயே அடிக்கிறோம். பிடித்த மீனைக் கூடாரத்துக்கருகே சமைக்கலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். மீன்வாடை கரடி போன்ற விலங்குகளை ஈர்க்கும். சமையலையும் உணவுப் பையையும் கூடாரத்திலிருந்து 60 மீட்டருக்கு அப்பால், காற்று போகும் திசையில் வைத்துக்கொள்ளுங்கள். சமைத்தபோது அணிந்த சட்டையையும் அங்கேயே விட்டுவிட்டு உறங்கச் செல்லுங்கள்.