ஜாக்கியில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்கலாமா? கரிசல்காட்டானுக்கு ஒரு மறுப்பு

வைகைக்கரையான்:
கரிசல்காட்டான் சென்ற வாரம், திருமங்கலத்தில் தம் வீட்டு வேப்பமரத்தடியில் வண்டியை ஏற்றி நிறுத்தி, தேய்ந்துபோன முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) இரண்டையும் ஒரே காலையில் தாமே மாற்றிவிட்டதாக எழுதியிருந்தார். வண்டியும் அவருடையது, மரமும் அவருடையது, எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால், “சக்கரம் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கிவிடலாம், தரையில் இறக்கித்தான் இறுக்க வேண்டும் என்பது பட்டறைக்காரர்கள் கூலிக்காகக் கட்டிய கதை” என்று முடித்திருந்தார். அதற்கு நான்கு பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். அந்த நால்வருக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் புஷ் என்பது வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழல், இரண்டுக்கும் நடுவே அவற்றோடு ஒட்டி வார்த்த ரப்பர். போல்ட்டை முழுவதும் இறுக்கியதும் உள்குழல் சட்டத்தோடு அசையாமல் பிணைந்துவிடுகிறது. அதன் பிறகு ஆர்ம் மேலும் கீழும் போகும்போது அங்கே சுழல்வது எதுவும் இல்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்தத் தொங்கலே ரப்பருக்கு ஓய்வு நிலை ஆகிவிடும். வண்டியை இறக்கியவுடன் ஆர்ம் மேலே எழும்பும், ரப்பரோ வண்டி சும்மா நிற்கும்போதும் முறுக்கேறியே கிடக்கும். மேட்டில் ஏறும்போது அந்த முறுக்கின் மேல் இன்னொரு முறுக்கு. இப்படிப் பூட்டிய புஷ் காலத்துக்கு முன்பே கிழிந்தால் உதிரிபாகக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கரிசல்காட்டான்:
ஐயா, பாடத்துக்கு நன்றி. ரப்பர் முறுக்கிக்கொள்வதற்காகவே அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தாங்களே எழுதிவிட்டு, அது முறுக்கிக்கொள்கிறதே என்று தாங்களே அழுகிறீர்கள். முந்தைய வண்டிக்கும் நான் இப்படித்தான் பூட்டினேன். உசிலம்பட்டிக்கும் திருமங்கலத்துக்குமாக 22,000 கிலோமீட்டர் ஓடியது, ஒரு சத்தம் கிடையாது. தங்கள் வண்டி உறை போட்டு மூடியபடி நிற்பதை வந்தபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். ஓடாத வண்டியில் புஷ் கிழியாததை வைத்துக்கொண்டு ஓடும் வண்டிக்குச் சட்டம் எழுதலாமா?

இன்னொன்று. தரையில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஸ்பானரைச் சுழற்ற இடம் ஏது? என் வண்டிக்குக் கீழே கை நுழையும், தலை நுழையாது. தலையில்லாமல் வேலை பார்க்கும் வித்தை தங்களுக்குக் கைவந்திருக்கலாம்.

வைகைக்கரையான்:
தரையில் நிற்கும் நிலை என்றால் தரையிலேதான் நிற்க வேண்டும் என்று பொருளில்லை. வண்டியின் உடலை ஆக்ஸில் ஸ்டாண்டில் (வண்டியைத் தாங்கும் இரும்புக் கால்) தாங்கவிட்டு, இரண்டாவது ஜாக்கியை ஆர்மின் வெளிமுனையில், அது சக்கரத்தோடு சேரும் பால் ஜாயின்ட்டுக்குச் சற்று உள்ளே கொடுத்து, உடல் ஸ்டாண்டிலிருந்து மயிரிழை எழும்பும் வரை தூக்கினால், அந்தப் பக்கத்துப் பாரம் முழுவதும் ஸ்பிரிங்குக்கு வந்துவிடும். ஆர்ம் இப்போது சாலையில் நிற்கும் அதே கோணத்தில் இருக்கும். அதுவரை போல்ட்டை விரல் இறுக்கத்தில் விட்டுவைத்து, இந்த நிலையில் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்க வேண்டும்; ஸ்டாண்டை மட்டும் எடுத்துவிடக் கூடாது. மொத்தம் பத்து நிமிட வேலை. தலையும் பத்திரமாக இருக்கும், புஷ்ஷும் பத்திரமாக இருக்கும்.

22,000 கிலோமீட்டர் என்பது சாட்சியமே அல்ல. சத்தம் வரும்போது புஷ் கிழிந்து முடிந்திருக்கும். தொங்கும்போது இறுக்கக் கூடாது என்றால் கூடாது.

மேலூர் பட்டறை:
முப்பது வருடமாகக் கையில் கிரீஸோடு நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பால் ஜாயின்ட் நட்டை நாங்கள் தொங்கும்போதுதான் இறுக்குகிறோம், ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்லை. ஆகவே கரிசல்காட்டான் சொல்வது சரி. ஆனால் கூலிக்காகக் கதை கட்டினோம் என்று அவர் எழுதியதை வன்மையாகக் கண்டிக்கிறேன். அவரிடமிருந்து நான் இன்றுவரை கூலியே வாங்கியதில்லை. கடன் சொல்லித்தான் போயிருக்கிறார்.

வைகைக்கரையான்:
பால் ஜாயின்ட்டைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்? அது கிண்ணத்துக்குள் சுழலும் குண்டு. அதன் நட்டைத் தொங்கவிட்டும் இறுக்கலாம், தலைகீழாக நின்றும் இறுக்கலாம். புஷ் சுழலாது. கேள்வி புஷ் போல்ட்டைப் பற்றியது. மறுபடியும் எழுதுகிறேன்: புஷ் சுழலாது.

தல்லாகுளத்தாள்:
இருவரும் எந்த புஷ்ஷைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். முன் புஷ்ஷா, பின் புஷ்ஷா? ரப்பரா, பாலியூரித்தேன் என்ற கெட்டியான செயற்கைப் பொருளா? பாலியூரித்தேன் வகையில் பலவற்றுக்கு உள்குழல் தனியாகச் சுழலும்; அங்கே இந்தச் சண்டைக்கே இடமில்லை.

அதைவிட, கரிசல்காட்டான் போட்ட படத்தில் வண்டியின் அடியில் இருப்பது ஆக்ஸில் ஸ்டாண்ட் அல்லவே, செங்கல் அல்லவா? ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. செங்கல் இரண்டுக்குமே அல்ல. போல்ட்டை எப்போது இறுக்குவது என்பதை உயிரோடு வெளியே வந்த பிறகு விவாதிக்கலாம்.

கரிசல்காட்டான்:
அம்மணி, அது செங்கல் அன்று, கருங்கல். மேலூர்க் கல். அதன் மேல் கோபுரமே நிற்கும், என் சின்ன வண்டி நிற்காதா?

மேலூர் பட்டறை:
மேலூர்க் கல்லைப் பற்றி மேலூர்க்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாம். கோபுரத்தின் பாரம் கல் முழுவதும் பரவி இறங்குகிறது. வண்டியின் விளிம்பு ஒற்றைப் புள்ளியில் குத்துகிறது. ஒற்றைப் புள்ளியில் உளியை வைத்துத்தான் நாங்கள் கல்லையே பிளக்கிறோம். பிளக்காவிட்டாலும் இரும்பு கல்லில் வழுக்கும். இதில் நான் தல்லாகுளத்துச் சகோதரியின் பக்கம். புஷ் விஷயத்தில் கரிசல்காட்டானின் பக்கம்.

புதுச்சக்கரம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வேகத்தடையில் இறங்கும்போது என் வண்டியின் இடப்பக்கம் ‘டக்’ என்று ஒலிக்கிறது. அது புஷ்ஷா, பால் ஜாயின்ட்டா, வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் லிங்க் ராடா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

வைகைக்கரையான்:
எதுவாக இருந்தாலும், மாற்றிய பிறகு தொங்கும்போது இறுக்கிவிடாதீர்கள்.

கரிசல்காட்டான்:
தாராளமாகத் தொங்கும்போதே இறுக்குங்கள்.

தல்லாகுளத்தாள்:
தம்பி, இவர்களை விடுங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். 9, 3 இருக்கும் இடங்களில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கின் டை ராடு முனையைப் பாருங்கள். இரண்டிலும் ஆட்டமில்லை, ஆனாலும் சிறு மேடுபள்ளத்தில் ஒலிக்கிறது என்றால் பெரும்பாலும் லிங்க் ராடு. புஷ்ஷைக் கடப்பாரையால் லேசாக நெம்பி, ரப்பரில் வெடிப்பு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஆர்ம், பால் ஜாயின்ட், டை ராடு முனை இவற்றில் எதை மாற்றினாலும் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலையை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் முகத்தைத்தான் தேடி வரும்.

வைகைக்கரையான்:
சகோதரி விளக்கமாக எழுதினார். ஆனால் முக்கியமானதை, அதாவது எந்த நிலையில் இறுக்குவது என்பதை, விட்டுவிட்டார். புஷ்ஷுக்கு நடுநிலை என்று ஒன்று உண்டு. அதை மதிக்காதவர் புஷ்ஷை மாற்றவில்லை, கிழிவதற்கு நாள் குறித்திருக்கிறார்.

கரிசல்காட்டான்:
தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரிடம் நான்காவது காலைக் காட்டி என்ன பயன்? டார்க் ரெஞ்ச் டார்க் ரெஞ்ச் என்று இவ்வளவு முழங்குகிறாரே, சித்திரைத் திருவிழாவுக்கு முன்பு என்னிடம் இரவல் வாங்கிப்போன டார்க் ரெஞ்ச் எங்கே என்று கேட்டுச் சொல்லுங்கள். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் திரும்பிவிட்டார், ரெஞ்ச் மட்டும் திரும்பவில்லை.

வைகைக்கரையான்:
அந்த ரெஞ்ச் அளவு தவறாகக் காட்டுகிறது. காரணம் எனக்குத் தெரியும்: கரிசல்காட்டான் அதைப் பயன்படுத்திய பிறகு ஸ்பிரிங்கைத் தளர்த்தாமல், இறுக்கிய நிலையிலேயே பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். ரெஞ்சின் ஸ்பிரிங்குக்கே ஓய்வு நிலை தராதவர், புஷ்ஷின் ரப்பருக்கா தரப்போகிறார்?

மேலூர் பட்டறை:
ரெஞ்ச் என்னுடையது. கரிசல்காட்டான் என்னிடம் வாங்கிப் போனது. இருவரில் யாரேனும் ஒருவர் சனிக்கிழமைக்குள் பட்டறையில் கொண்டுவந்து தரவும்.

கரிசல்காட்டான்:
தருகிறேன். ஆனால் தொங்கும்போதே இறுக்கலாம் என்று தாங்களும் ஒப்புக்கொண்டதை மறக்க வேண்டாம்.

வைகைக்கரையான்:
அவர் ஒப்புக்கொண்டது பால் ஜாயின்ட்டுக்கு.